பழியெல்லாம் பேட்டரி மேலே: கடலோர பைக்கும் அதன் மின்சாரமும்

செல்ஃப் எடுக்கவில்லையா, பேட்டரி போச்சு. ஹார்ன் தொண்டை கட்டின மாதிரி கத்துகிறதா, பேட்டரி போச்சு. இண்டிகேட்டர் சிமிட்டாமல் முழித்துக்கொண்டே நிற்கிறதா, அதுவும் பேட்டரிதான். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் எந்த டீக்கடை வாசலில் பைக் மக்கர் பண்ணினாலும் இந்தத் தீர்ப்பு இலவசமாகக் கிடைக்கும்.

என் மனைவியின் தம்பி பாம்பனில் மீன் ஏலம் எடுத்து, பின் சீட்டில் ஐஸ் பெட்டி கட்டி, விடிவதற்குள் ராமநாதபுரம் கொண்டுபோகிறவன். பதினாலு மாதத்தில் இரண்டு பேட்டரி மாற்றியிருந்தான். மூன்றாவதுக்கும் காசை எடுத்து வைத்துக்கொண்டுதான் வந்தான்.

“மச்சான், ரெண்டு கம்பெனியும் பார்த்தாச்சு. இனி எந்த பேட்டரி போடலாம், நீங்களே சொல்லுங்க.”

“காச உள்ள வை மாப்ள, முதல்ல அளந்து பார்ப்போம்” என்று மல்டிமீட்டரை எடுத்தேன். சந்தையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண மீட்டர்தான். அது என்ன காட்டியது என்பது புரிய வேண்டுமானால், வண்டிக்குள் மின்சாரம் எந்த வழியாகப் போய் எந்த வழியாகத் திரும்புகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மாடித் தொட்டி

வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி உயரத்தில் இருக்க இருக்க, கீழே குழாயில் தண்ணீர் வேகமாக அடிக்கும். அந்த அழுத்தத்துக்கு இணையானதுதான் வோல்ட். குழாய் வழியாக ஒரு நொடியில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பதற்கு இணையானது ஆம்பியர். குழாய்க்குள் உப்பு படிந்து துவாரம் சுருங்கினால் ஓட்டம் குறையும் இல்லையா, அப்படி மின்சாரத்தை மறிக்கும் குணத்துக்குப் பெயர் மின்தடை. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் வரும், அதாவது ஒரு நொடியில் நடக்கும் வேலையின் அளவு. 35 வாட் ஹெட்லைட் 12 வோல்ட்டில் எரிந்தால் ஏறக்குறைய 3 ஆம்பியர் இழுக்கும். இந்த ஒரு கணக்கு போதும், மற்றதெல்லாம் இதிலிருந்து வரும்.

ஆனால் தண்ணீர் உவமை ஓர் இடத்தில் காலை வாரிவிடும். குழாயைத் திறந்தால் தண்ணீர் குடத்தில் விழும், அத்தோடு அதன் கதை முடிந்தது. மின்சாரம் பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் கிளம்பினால், பல்பையோ ஹார்னையோ கடந்து, நெகட்டிவ் முனைக்குத் திரும்பியே ஆக வேண்டும். திரும்பும் வழி அடைபட்டால் போகும் வழியிலும் ஓட்டம் நின்றுவிடும். கரைக்குத் திரும்ப வழியில்லை என்று தெரிந்தால் துறையை விட்டே கிளம்பாத வள்ளம் மாதிரி.

பைக்கில் இந்தத் திரும்பும் வழியில் பெரும்பகுதி வண்டியின் இரும்புச் சட்டம்தான். பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து ஒரு தடித்த ஒயர் எஞ்சினிலோ சட்டத்திலோ போல்ட் போட்டு முறுக்கப்பட்டிருக்கும். இதைத்தான் எர்த் என்கிறோம். வீட்டு எர்த் மாதிரி இது மண்ணுக்குப் போவதில்லை. வண்டி நிற்பது ரப்பர் டயரில், மண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. பெயர் ஒன்றாக இருப்பதால் வந்த குழப்பம்.

இதுவரை சொன்னது: வோல்ட் தள்ளும், ஆம்பியர் ஓடும், மின்தடை மறிக்கும். போன மின்சாரம் திரும்பி வர வேண்டும். திரும்பும் பாதை வண்டியின் சட்டம்.

தொட்டியை நிரப்புகிறவர் யார்?

வண்டி ஓடும்போது லைட்டை எரிப்பது பேட்டரி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். செல்ஃப் போடுவதும், எஞ்சின் ஓடாதபோது லைட்டும் ஹார்னும் தருவதும்தான் பேட்டரியின் முக்கிய வேலை. எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் மின்சாரம் தருகிறவர் வேறு ஆள்.

எஞ்சினின் பக்கவாட்டு மூடிக்குள், சுழலும் தண்டின் நுனியில், காந்தம் பதித்த ஒரு கிண்ணம் இருக்கும். அதற்குள் அசையாமல் உட்கார்ந்திருப்பது செம்புக் கம்பி சுற்றிய வளையம். மெக்கானிக்குகள் இதை மேக்னெட் காயில் என்பார்கள். காந்தம் சுற்றச் சுற்ற, கம்பியில் மின்சாரம் பிறக்கும். சைக்கிள் டைனமோ பார்த்தவர்களுக்குப் புதிதல்ல.

இதில் இரண்டு சிக்கல். காயிலில் பிறக்கும் மின்சாரம் முன்னும் பின்னுமாகத் திசை மாறிக்கொண்டே இருக்கும், பேட்டரிக்கோ ஒரே திசையில் வேண்டும். அடுத்தது, எஞ்சின் வேகம் கூடக் கூட வோல்ட்டும் எகிறும். அந்தக் கால டி.வி.எஸ். 50 ஓட்டியவர்களுக்கு நினைவிருக்கும்: ஆக்சிலேட்டரை முறுக்கினால் லைட் பளிச்சிடும், விட்டால் மினுக்கட்டாம்பூச்சியாகிவிடும். நடுவில் கட்டுப்படுத்த ஆள் இல்லாததன் விளைவு அது.

இன்றைய பைக்கில் அந்தக் கட்டுப்படுத்தும் ஆளுக்கு ஆர்.ஆர். யூனிட் (ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்) என்று பெயர். கோடுகோடாகச் செதில் வைத்த சின்ன அலுமினியப் பெட்டி. அதற்கு வேலை இரண்டு. ஒன்று, சைக்கிள் டியூபின் வால்வு காற்றை உள்ளே மட்டும் விடுவது மாதிரி, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும். இரண்டு, வோல்ட் 14 முதல் 14.5-ஐத் தாண்டாமல் பிடித்து வைக்கும். பல வண்டிகளில் மிஞ்சும் மின்சாரத்தைக் காயிலுக்கே குறுக்கே திருப்பிவிட்டுத்தான் இந்தக் கட்டுப்பாடு நடக்கிறது. அந்த யூனிட் கொதிப்பதும் அதற்குச் செதில் வைத்திருப்பதும் அதனால்தான். செதில் மேல் சேறு அப்பியிருந்தால் துடைத்துவிடுங்கள், செலவில்லாத வைத்தியம்.

மீட்டரில் பார்க்க வேண்டிய எண்கள் கொஞ்சம்தான். எஞ்சினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து பேட்டரி முனைகளில் 12.6 முதல் 12.8 வோல்ட் காட்டினால் முழுசாக நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. எஞ்சினை நடுத்தர வேகத்தில் வைத்து அதே முனைகளில் அளந்தால் 13.5-க்கு மேல், 14.5-க்குள் வர வேண்டும். 15-ஐத் தாண்டினால் ஆர்.ஆர். யூனிட் பிடியை விட்டுவிட்டது என்று பொருள்: பல்பு அடிக்கடி போகும், பேட்டரி வயிறு உப்பும், அழுகிய முட்டை வாடை வரும். 13-க்கு மேல் ஏறவே இல்லையென்றால் தொட்டிக்குத் தண்ணீரே வரவில்லை. அப்போது புது பேட்டரி போட்டாலும் அது புதுசாகக் காலியாகும், அவ்வளவுதான்.

காலியாகக் கிடக்கும் பேட்டரிக்கு ஆயுசும் குறைவு. ஈயத் தகடுகளில் படியும் ஈய சல்பேட் நாளாக ஆக இறுகிப் படிகமாகிவிடும், பிறகு சார்ஜ் போட்டாலும் கரையாது. அதாவது பேட்டரி சாவது உண்மைதான். ஆனால் பல சமயம் அது பட்டினிச் சாவு.

இன்னொன்றும் இங்கே சொல்லிவிட வேண்டும். 2017 ஏப்ரலிலிருந்து வரும் புது வண்டிகளில் ஹெட்லைட் எஞ்சினோடு சேர்ந்து எப்போதும் எரிகிறது, அணைக்க சுவிட்ச் இல்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய், பெட்ரோலை மின்சார பம்ப் தள்ளுகிறது. பழைய வண்டிகள் பலவற்றில் பேட்டரி செத்தாலும் கிக்கரை மிதித்து வீடு வந்து சேரலாம். புது வண்டிகள் பலவற்றில் பேட்டரி சுத்தமாக இறங்கினால் நடுவழியில் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். அதனால் இந்தப் பாடம் முன்னைவிட இப்போது அவசியம்.

சுருக்கம்: காயில் உண்டாக்கும், ஆர்.ஆர். யூனிட் ஒழுங்குபடுத்தும், பேட்டரி சேமிக்கும். சார்ஜ் ஏறாததற்கும் பேட்டரி கெட்டதற்கும் வித்தியாசம் உண்டு. அதைக் கண்ணால் சொல்ல முடியாது, மீட்டர் சொல்லும்.

ஃபியூஸ் காப்பது எதை?

பல்பைக் காக்கத்தான் ஃபியூஸ் என்று நினைப்பவர்கள் அதிகம். ஃபியூஸ் காப்பது ஒயரை. ஒரு ஒயரில் அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் அது சூடேறும். ஓட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. மேலே உள்ள உறை உருகி, பக்கத்து ஒயரோடு ஒட்டி, பெட்ரோல் டேங்குக்கு அடியில் நெருப்பு. இது நடக்கும் முன் அறுந்துபோவதற்காகவே வைத்த மெலிந்த கண்ணிதான் ஃபியூஸ்.

இப்போதைய தட்டை ஃபியூஸ்களில் நிறமே அளவைச் சொல்லும்: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. எது போட வேண்டும் என்று ஃபியூஸ் பெட்டி மூடியிலோ வண்டியோடு வந்த கையேட்டிலோ இருக்கும். செல்ஃப் மோட்டார் மட்டும் இந்தக் கணக்கில் வராது. அது ஒரே இழுப்பில் பல பத்து ஆம்பியர் குடிப்பதால், அதற்குத் தனித் தடித்த கேபிள் ரிலே வழியாக நேராகப் போகும். ரிலே என்பது சிறிய மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். செல்ஃப் பட்டனை அமுக்கும்போது ‘டிக்’ என்று கேட்பது அதுதான்.

வீட்டு பீஸ் கட்டையில் செம்புக் கம்பி முறுக்கிப் பழகிய கை, பைக் ஃபியூஸிலும் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றத்தான் பார்க்கும். அந்த நிமிடமே ஃபியூஸ் இல்லாமல் போய், முழு ஒயரிங்கும் ஃபியூஸ் ஆகிவிடுகிறது. போட்ட ஃபியூஸ் உடனே மறுபடி போனால், எங்கோ பாசிட்டிவ் ஒயர் உரசிச் சட்டத்தைத் தொடுகிறது. ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியிலும் சீட்டுக்கு அடியிலும் முதலில் தேடுங்கள். பெரிய ஃபியூஸ் போடுவது, காய்ச்சல் காட்டும் தெர்மாமீட்டரை உடைத்துப்போடுவது மாதிரி.

ஆனால் நம் கரையில் வரும் கோளாறுகளில் முக்கால்வாசி ஃபியூஸைத் தொடவே தொடாது. காரணம், அவை மின்சாரத்தைக் கூட்டுவதில்லை, குறைக்கின்றன. குறைந்தால் ஃபியூஸுக்கு என்ன வலி?

செம்பில் களிம்பு

மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி தண்ணீர் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு நீர்க்க ஆரம்பிக்கும். கடல் காற்று கொண்டுவரும் உப்பு அவ்வளவு சுத்தமானதல்ல. அதில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 சதவீத ஈரப்பதத்திலேயே நீர்த்துவிடும். வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை செய்தவர்களிடம் கேட்டால், இந்த மெக்னீசியம் தங்கிய கசப்புத் தண்ணீரை ஏன் வடித்துவிடுகிறார்கள் என்று சொல்வார்கள். ஆக, பட்டப்பகல் வெயிலில்கூட நம் வண்டியின் மேல் படிந்த உப்புப் படலம் முழுசாகக் காய்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஈரம் எப்போதும் ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். செம்பை அரித்துப் பச்சையாக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பாம்பன் சாலைப் பாலத்தில் ஒரு தடவை போய்வந்து கண்ணாடியைத் துடைத்துப் பாருங்கள், விரலில் உப்பு கரிக்கும். தனுஷ்கோடிக்கு 2017-இல் சாலை வந்ததிலிருந்து அரிச்சல்முனை போய்வரும் பைக்குகளும் இதே உப்பில்தான் குளிக்கின்றன. 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வைத்ததே இந்த அரிப்புதான். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோக அரிப்பை ஆராய மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருப்பதும் சும்மா இல்லை. இரும்புப் பாலத்துக்கே அந்தக் கதி என்றால், தலைமுடி தடிமன் இழைகளைத் திரித்த ஒயருக்கு என்ன கதி?

ஒயர் நடுவில் கெடுவது குறைவு. உறை காப்பாற்றிவிடும். கெடுவது முனைகள். ஒயர்கள் சந்திக்கும் இடத்தில் பிளாஸ்டிக் கூடு ஒன்று இருக்கும், ஒரு பாதி மற்ற பாதிக்குள் ‘டக்’கென்று பொருந்தும். அதுதான் கப்ளர். அதற்குள் பித்தளை ஊசிகள். உப்பு ஈரம் உள்ளே போனால் ஊசி மேல் பச்சைப் பொடி பூக்கும். தமிழில் இதற்கு அழகான சொல் உண்டு, களிம்பு. உயிரோடு ஒட்டிய ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்திகள் செம்பில் களிம்பைத்தான் உவமையாகச் சொன்னார்கள். செம்பு இருக்கும் காலமெல்லாம் கூடவே இருப்பது என்று. பைக் ஒயரிங்கைப் பார்த்தால் அந்த உவமை எவ்வளவு துல்லியம் என்று தோன்றும்.

களிம்பு மின்சாரத்தை எளிதில் விடாது. ஊசிக்கும் ஊசிக்கும் நடுவே அது நின்றால், அந்த இடத்தில் மின்தடை கூடும். அங்கே கொஞ்சம் வோல்ட் தொலையும். தொலைந்த வோல்ட் அதே இடத்தில் சூடாக மாறும். சூட்டில் ஊசியின் பிடி தளரும், பிடி தளர்ந்தால் தடை மேலும் கூடும். இப்படி வளர்ந்து ஒரு நாள் வெள்ளைக் கப்ளர் பழுப்பாகி உருகும். இவ்வளவு நடக்கும்போதும் ஃபியூஸ் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும்.

சுருக்கம்: ஃபியூஸ் போனால் மின்சாரம் அளவுக்கு மீறி ஓடியது. ஃபியூஸ் நன்றாக இருந்தும் எல்லாம் மங்கினால், ஏதோ ஒரு முனையில் மறிக்கப்படுகிறது.

மாப்ளையின் வண்டி

இப்போது அந்த வண்டிக்கு வருவோம். நின்ற நிலையில் பேட்டரியில் 12.1 வோல்ட். எஞ்சினைப் போட்டு நடுத்தர வேகத்தில் பிடிக்கச் சொன்னேன். 12.7. மேலே ஏறவே இல்லை. “பார்த்தீங்களா, பேட்டரி வாங்க மாட்டேங்குது” என்றான். சீட்டைக் கழற்றி, ஆர்.ஆர். யூனிட்டிலிருந்து வெளியே வரும் ஒயரின் முனையில் கப்ளருக்குப் பின்பக்கமாக மீட்டர் ஊசியைச் செருகினேன். 14.3. யூனிட் நல்ல பிள்ளையாக 14.3 அனுப்புகிறது, பேட்டரிக்குப் போய்ச் சேருவது 12.7. வழியில் 1.6 வோல்ட் காணவில்லை.

கப்ளரைப் பிரிக்கக் கொஞ்சம் போராட வேண்டியிருந்தது. பிரிந்ததும் கருகின பிளாஸ்டிக் வாடை. வெள்ளைக் கூட்டின் ஒரு மூலை வறுத்த கடலை நிறத்துக்கு மாறி, ஊசியோடு ஒட்டியிருந்தது. ஊசியைச் சுரண்டினால் பச்சைப் பொடி கொட்டியது. ஒயரின் உறையை ஒரு விரற்கடை நீக்கிப் பார்த்தேன், உள்ளே செம்பு இழை கருத்திருந்தது. முனையில் நுழைந்த ஈரம் திரி எண்ணெய் உறிஞ்சுகிற மாதிரி இழைகளுக்கு நடுவே ஏறியிருக்கிறது. 4 ஆம்பியர் ஓடியது என்று வைத்தால்கூட, 1.6 வோல்ட்டோடு பெருக்கினால் 6 வாட்டுக்கு மேல் வருகிறது. ஒரு சின்ன ஊசிக்குள் அவ்வளவு சூடு.

உப்பு எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை. அவன் வண்டியில் அந்த யூனிட் பின் மட்கார்டை ஒட்டி இருக்கிறது. நேர் மேலே ஐஸ் பெட்டி. பெட்டியின் மூலை ஓட்டையிலிருந்து மீன் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. கடல் காற்றுக்கு அஞ்சு வருஷம் ஆகும் வேலையை மீன் தண்ணீர் அஞ்சு மாதத்தில் முடித்துவிடும்.

கருத்த செம்பு போகும்வரை ஒயரை வெட்டி, நல்ல செம்பில் புது முனையை நசுக்கிப் பிடிக்க வைத்து (கிரிம்ப் செய்து), ரப்பர் வளையம் வைத்த தண்ணீர் புகாத கப்ளர் மாற்றினோம். இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது. ஐஸ் பெட்டி ஓட்டையில் ஒரு டியூபைச் செருகி, வடியும் தண்ணீரைச் செயினுக்கு எதிர்ப்பக்கமாகத் தரைக்கே கொண்டுவிட்டோம். எஞ்சினைப் போட்டால் பேட்டரியில் 14.1. அப்போது இருந்த இரண்டாவது பேட்டரியே இன்னும் ஓடுகிறது. முதல் பேட்டரியைப் பழைய விலைக்குப் போட்டுவிட்டானே என்றுதான் அவனுக்கு வருத்தம்.

வீட்டில் செய்யக்கூடியவை

எர்த்தை மட்டும் தனியாக ஒரு தடவை அளந்துவிடுங்கள். மீட்டரின் ஒரு ஊசி பேட்டரி நெகட்டிவ் முனையில், மற்றது எஞ்சினின் பெயிண்ட் இல்லாத உலோகத்தில். லைட், பிரேக் லைட் எல்லாம் எரியட்டும். காட்டும் வோல்ட் 0.2-க்குள் இருந்தால் சரி. அரை வோல்ட்டை நெருங்கினால் எர்த் போல்ட்டைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். நிறைய “மர்ம நோய்கள்” இதில் தீர்ந்துவிடும், இண்டிகேட்டர் போட்டால் டேஷ் லைட் மினுக்குவது உட்பட.

கழுவுவது நல்ல தண்ணீரில் இருக்க வேண்டும். நம் பகுதி ஆழ்குழாய்த் தண்ணீரே பல இடங்களில் உப்பு என்பதால், மழைத் தண்ணீரோ குடிநீரோ ஒரு வாளி போதும். வாட்டர் சர்வீஸ் பம்பைக் கப்ளர்கள் மேல் நேராக அடிக்க விடாதீர்கள், வெளியே இருந்த உப்பை உள்ளே தள்ளும் வேலை அது. துருப்பிடிக்காமல் இருக்க டீசல் அடிப்பவர்கள் உண்டு. சட்டத்துக்கு அது நல்லதாக இருக்கலாம், கப்ளரின் ரப்பருக்கு நல்லதல்ல.

கப்ளர் பச்சையாகிவிட்டால் கான்டாக்ட் கிளீனர் (மின் முனைகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே) அடித்து, சின்ன பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காயவிட்டுப் பூட்டுங்கள். உப்புத்தாள் போட்டு முரட்டுத்தனமாகத் தேய்த்தால் ஊசியின் முலாம் போய் இன்னும் சீக்கிரம் களிம்பேறும். பேட்டரி முனைகளை முறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவலாம். அது மின்சாரத்தைக் கூட்டாது, ஈரத்தை விலக்கும். கறுப்பு டேப் சுற்றிய இணைப்பு இந்தக் கரையில் ஒரு வெயில்காலம்கூடத் தாங்காது. பசை இளகி, டேப்புக்கு உள்ளேயே ஈரம் தங்கும். சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும், உள்ளே பசை உள்ள குழாயைக் கேட்டு வாங்குங்கள்.

தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரியாக இருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். மூடி திறக்கக் கூடாத வகையை நோண்டவே வேண்டாம். பேட்டரியைக் கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவ் போல்ட்டைத் திருகும் ஸ்பேனர் சட்டத்தில் பட்டால், பேட்டரியில் இருப்பதெல்லாம் அந்த ஸ்பேனர் வழியாக ஓடும். அந்தப் பாதையில் ஃபியூஸ் கிடையாது.